பின்னால் ஓர் அடையாளம் தெரிய வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மானம் போய்விடும்.

மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் நிஸ்றாவின் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, தட்டச்சு, அரபு மொழிபெயர்ப்பு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் போய்த் திரும்பியவர்களும் தங்கள் ஒப்பந்தத்தையும் மருத்துவ அறிக்கையையும் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் போவார்கள். நானும் ஆரையம்பதியிலிருந்து அப்படித்தான் போனேன். கையில் என் தங்கைக்குக் குவைத்திலிருந்து வந்த கடிதம். பகல் பதினொரு மணி இருக்கும்.

உள்ளே மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நிஸ்றா. மற்றவள் பூப்போட்ட கவுன் அணிந்த, ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிப் பெண், ஐம்பது தாண்டியவள். நடுவில் ஒரு கைத்தொலைபேசி கிடந்தது. இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன், கொஞ்சம் இரிங்க," என்றாள் நிஸ்றா, என்னைப் பார்க்காமலே.

இருந்தேன். பத்திரிகை ஒன்றை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். காது மறையவில்லை.

"நீ எடுத்துக் கேளு நிஸ்றா. எனக்கு ஏலாது."

"எனக்கும் ஏலாக்கா. மறுகா கேப்பம்."

தொலைபேசியில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. நீளம் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அனுப்பியவள் பலஸ்தீனத்தின் மலைக்கிராமம் ஒன்றில் இருக்கும் இப்திசாம். பதினொரு பெண்கள் சேர்ந்து கட்டிய ஓர் அறை இன்னும் நிற்கிறதா, இடிக்கப்பட்டுவிட்டதா என்பது அந்தப் பதிவுக்குள் இருந்தது. அந்த அறை இடிந்திருந்தால் அதற்குக் காரணம் தான்தான் என்று அந்தப் பறங்கிப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள்.

மீதிக் கதையெல்லாம் பிறகு இருவரிடமும் கேட்டுச் சேர்த்தது. அவர்கள் சொன்னதில் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.*

* இந்த வசனம் என்னுடையதல்ல. உதவி நிறுவனங்களின் அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் வருவது. அதை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பாள் நம் பறங்கிப் பெண். அவளுக்கு நான் வைத்த பெயர் ஜனின்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜனினுக்கு ஐம்பத்திரண்டு வயது. டச்பாரில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு புளியந்தீவுக்குக் குடிவந்து, வெளிநாட்டு உதவி நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்து—"

நிறுத்திவிட்டேன். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாளா என்ன?

இரண்டாவது தொடக்கம் இது:

"ஒவ்வொரு நாள் காலையிலும் வாவியின் மேல் ஒரு மலை வந்து நின்றது."

இது எனக்குப் பிடித்திருந்தது. தெளிந்த நாளில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு அப்பால் நீலமாகத் தெரிகிற மங்கலைத் தவிர எங்களுக்கு மலை ஏது என்று கேட்பீர்கள். ஜனின் சொன்னதைத்தான் எழுதினேன். அவளுடைய மேசை மாடி ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வாவி.* இப்திசாமின் குரல்பதிவு வந்தால், நிஸ்றாவுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு சொல்லும் விளங்காமல் தான் ஒருமுறை கேட்பாளாம். காதில் அரபு ஓடும். அதற்குப் பின்னால் காற்று, ஆட்டு மணி, தூரத்தில் யாரோ ஒருத்தியின் சிரிப்பு. கண் தண்ணீரில் கிடக்கும். வெயில் ஏற ஏற வாவியின் வெள்ளைப் பளபளப்புக்குள்ளிருந்து மண்ணிறத்தில் ஒரு மலை மெல்ல மேலே வரும். கல் பரவிய சரிவு, அதில் ஒற்றையடிப் பாதை, பாதையில் பதினொரு பெண்கள்.

"அவங்கட கால் நனைஞ்சிருக்கும்," என்றாள் என்னிடம். "அது பிழை எண்டு எனக்குத் தெரியும். அங்க வாவி இல்ல. ஆனா என்ட கண்ணுக்கு நனைஞ்சுதான் இருக்கும்."

அவள் அந்த ஊருக்குப் போனதில்லை. நானும் போனதில்லை. நீங்களும் போயிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே நாம் மூவரும் சேர்ந்து அந்த மலையை வாவியின் மேல்தான் நிறுத்தவேண்டியிருக்கிறது.

மூன்றாவது தொடக்கம்:

"ஜனின் ஒரு படம் கேட்டாள்."

உண்மையான தொடக்கம் இதுதான். அழகில்லை. ஆனால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் நடந்தது.

* மட்டக்களப்பு வாவி என்றதும், அதில் மீன் பாடும் என்று ஊரெல்லாம் சொல்வதைப் பற்றி எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த பகுதிக்குப் போகவும்.

3

2005ஆம் ஆண்டு. கடல் வந்துபோய் மூன்றாவது மாதம். ஊரெல்லாம் வெள்ளை வாகனங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். ஜனினையும் பிடித்தார்கள். படகும் தையல் இயந்திரமும் வீடும் பெற்றவர்களைப் படம் எடுத்து, ஒரு பக்கத்துக்கு அவர்களின் கதையை எழுதுவது வேலை. தன் வீடே இல்லாமல் உறவுக்காரர் வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு மற்றவர்களின் வீடுகளைப் பற்றி எழுதினாள்.

அந்த நாட்களில் கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த கூத்து இது. நீலப் படகு ஒன்று. திங்கட்கிழமை அதில் ஒரு நாட்டின் ஒட்டுச்சின்னம். புதன்கிழமை அதை உரித்துவிட்டு இன்னொரு நாட்டினுடையது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. மூன்று நாட்டுத் தலைமை அலுவலகங்களும் ஒரே படகைத் தங்கள் படகென்று பளபளப்பான தாளில் அச்சிட்டுக்கொண்டன. படகுக்காரன் திருடன் அல்ல. படகில்லாத தம்பிமார் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அவன் மூன்று தடவை உதவி வாங்கினான். ஆனால் அதையெல்லாம் யார் கேட்டது?

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. ஒவ்வொரு படத்திலும் மூன்று இருக்க வேண்டும். உதவி பெற்றவரின் முகம். உதவியவரின் பெயர்ப்பலகை. பின்னால், இடம்விட்டு இடம் அசையாத ஏதாவது ஓர் அடையாளம்: கோயில் கோபுரம், தேவாலயச் சிலுவை, தண்ணீர்த் தாங்கி, இலக்கமிட்ட மின்கம்பம், எதுவானாலும் சரி.

மற்றவர்கள் இந்த விதியைத் திட்டிக்கொண்டே செய்தார்கள். ஜனின் நம்பிச் செய்தாள். அதற்குக் காரணம் சீதேவிப்பிள்ளை. தேற்றாத்தீவில் அரைச் சுவரோடு நின்றுபோன வீட்டுக்காரி. அவளுக்கு ஏற்கெனவே முழு வீடு கொடுத்தாகிவிட்டது என்று அலுவலகத்தில் சாதித்தார்கள். அதே பெயரில் வேறொருத்தி இருந்திருக்கிறாள். ஜனின் தான் எடுத்த படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். சீதேவிப்பிள்ளையின் முகம், அரைச் சுவர், பின்னால் வாய் உடைந்த கிணறு. ஒரு மாதத்தில் கூரை ஏறியது. இன்றைக்கும் சந்தையில் கண்டால், "அந்தக் கிணறுதான் புள்ள எனக்கு வீடு தந்த," என்பாள் சீதேவிப்பிள்ளை.

காணி உறுதிப் பத்திரம் கடலோடு போனவர்களுக்கு இப்படி ஒரு படம் அந்தப் பத்திரத்துக்குச் சமம். ஜனின் தனக்குக் கீழே வேலை செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தாள். பின்னால் ஓர் அடையாளம் தெரிய வேண்டும். அது இருந்தால் உன்னை ஒருவரும் இல்லையென்று சொல்ல முடியாது.

இருபது வருடம் கழித்து இதே நம்பிக்கையோடுதான் அவள் இப்திசாமிடம் படம் கேட்டாள். கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. எனக்கு இந்தக் கதையில் வலிக்கிற இடமே இதுதான்.

4

இப்போது அந்த அறையைப் பற்றி.

வெள்ளை வாகனங்கள் போன பிறகு ஜனின் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். வட ஐரோப்பாவில் ஓர் உதவி நிறுவனம். அது உலகத்தின் பல மூலைகளில் சிறு சிறு திட்டங்களுக்குக் கை கொடுக்கிறது. அங்கிருந்து வரும் குறிப்புகளை ஒழுங்கான ஆங்கில அறிக்கையாக்குவது ஜனின். அப்படி வந்ததுதான் [இங்கே ஓர் ஊர்ப்பெயர் இருந்தது. எடுத்துவிட்டேன்.] என்ற கிராமத்தின் பெண்கள் சங்கம். ஓர் அறை, மழைநீர் பிடிக்க இரண்டு தாங்கிகள், பால் காய்ச்சப் பெரிய பாத்திரங்கள். செம்மறியாட்டுப் பாலைத் தயிராக்கி, துணியில் கட்டி வடித்து, உப்பிட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, கல்லாகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. நகரத்துச் சந்தையில் நல்ல மதிப்பு.

கிராமத்தின் குறிப்புகள் அரபியில் வந்தன. எழுத்தைவிடக் குரல்தான் அதிகம். அதனால் நிஸ்றா வந்து சேர்ந்தாள். அரபுக் கல்லூரியில் படித்தவள். அரபு நாட்டு அம்மான் நகரில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் நாலு வருடம் இருந்தவள். இப்திசாமின் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மட்டக்களப்பாரிடம் வந்து கல்லுத் தயிர் என்றால் விடுவார்களா?

"தயிர் கல்லாகுமா? பொய் சொல்லாத."

"அல்லாஹ் அறிய அக்கா. அம்மான் கடைகள்ல கண்டிருக்கன். சுத்தியலால உடைச்சுத்தான் சோத்துக்குப் போடுற."

"எங்கட தயிரச் சட்டியோட அவவுக்கு ஒருக்காக் காட்ட வேணும்."

காட்டினார்கள். காணொளி அழைப்பில் எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, விழாமல் நிற்பதைக் காட்டினாள் நிஸ்றா. அந்தப் பக்கம் மொத்தச் சங்கமும் சிரித்ததாம். கருப்பட்டிப் பாணி ஊற்றித் தின்போம் என்றும் சொன்னாள். தயிரில் இனிப்பா என்று ஒருத்தி அழாத குறையாகக் கேட்டிருக்கிறாள்.

இந்த இடத்தை இன்னும் நீட்டி எழுதலாம். இரண்டு ஊர்ப் பெண்களும் தயிரால் சொந்தமான கதை என்று முடித்தால் உதவி நிறுவனம் அச்சிட்டே விடும். ஆனால் அதே அறிக்கையில் "ஆபத்துகள்" என்ற தலைப்புக்குக் கீழே ஜனின் தன் கையால் தட்டச்சு செய்த மூன்று வசனங்கள் உண்டு. அந்த மலைப்பக்கத்தில் கட்டடம் கட்ட இராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேட்டால் கிடைப்பதில்லை. கேட்காமல் கட்டியதை இடித்துவிடக்கூடும்.

தட்டச்சு செய்தாள். அடுத்த தலைப்புக்குப் போனாள். அந்தத் தலைப்பின் பெயர் "புகைப்படங்கள்".

5

இப்திசாம் எப்படி இருப்பாள்?

நானும் எழுதிப் பார்த்தேன். "உயரமானவள். வெயிலில் கறுத்த கை. இடுப்பில் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு—"

அழித்தேன். அது எங்கள் சந்தையில் மீன் விற்கும் ஞானமலர். இரண்டாம் தடவை எழுதினேன். கறுப்பு அபாயா, சோகமான பெரிய கண்கள். அதையும் அழித்தேன். அது தொலைக்காட்சிச் செய்தி. மூன்றாம் தடவை ஒரு வீராங்கனை வந்து நின்றாள். அவள் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவள்.

ஜனின் செய்ததும் இதுதான். தன் அறிக்கைக்காக எழுதிய கதையில், "மாலையில் தண்ணீரிலிருந்து வீசும் காற்றில் இப்திசாம் தயிர் உருண்டைகளைத் திருப்பி வைக்கிறாள்," என்று எழுதியிருந்தாள். நிஸ்றா வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்க தண்ணி எங்கக்கா இரிக்கி? ரெண்டு தாங்கிதானே?"

ஆகவே இப்திசாமுக்கு முகம் வைப்பதைக் கைவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முப்பத்தொன்பது வயது. பேசும்போது அடிக்கடி இருமுவாள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிஜமாகவே காத்திருப்பாள். அந்த அறையில் அவளுடைய உழைப்பும் அவள் நம்பச் சொல்லி அழைத்துவந்த பத்துப் பெண்களின் உழைப்பும் இருந்தன.

6

ஜனின் ஒரு படம் கேட்டாள்.

நிஸ்றாவின் கடையில், தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு நடந்த உரையாடல் இது. ஜனினும் நிஸ்றாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு சொல் வித்தியாசமில்லை. அவர்கள் எத்தனை தடவை இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"பலகைய மட்டும் எடுத்து அனுப்பினாக் காணாதா எண்டு கேக்கிறா."

"காணாது எண்டு சொல்லு. எல்லாரும் நிக்க வேணும். பின்னால மரமோ மலையோ ஏதாவது தெரிய வேணும். இல்லாட்டி ஒபிஸ்ல நம்பமாட்டாங்க. அடுத்த தாங்கி வராது."

"ஆரு பாக்கிற எண்டு கேக்கிறா."

"ஒபிஸ் ஆக்கள் மட்டும்தான்."

இருமல்.

"உங்கட ஊர்ல இப்பிடித்தான் செய்த நீங்களா எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு. எங்கட சனத்துக்கு அதாலதான் வீடு வந்த எண்டு சொல்லு."

நிஸ்றா சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. நிஸ்றாவின் முகம் இளகியது.

"சரியாம். உங்கட ஊரும் எல்லாத்தையும் இழந்த ஊர்தானே, நீங்க சொன்னா அது சரியாத்தான் இரிக்குமாம்."

அந்த ஒரு சொல்லை நினைத்து ஜனின் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு நாளில் படம் வந்தது. பதினொரு பெண்கள், நீலப் பலகை, புது அறையின் வெள்ளைச் சுவர். பின்னால் இரண்டு மலைகள் சேரும் பள்ளமும் அதன் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்த பெரிய மரமும். நேர்த்தியான படம். அசையாத அடையாளம் ஒன்று கேட்டதற்கு இரண்டு. வார முடிவில் பாசிக்குடா ஹோட்டல் வேலையிலிருந்து வந்த கணவன் க்ளைவுக்கும் காட்டினாள்.

தலைமை அலுவலகத்துக்கும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் தங்கள் இணையத்தளத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார்கள். ஜனினைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாளா? நான் கேட்டேன். "பெருமைப்பட்டிருப்பன்," என்றாள்.

7

பதினேழாம் நாள் இப்திசாமின் குரல் வந்தது. மேட்டில் ஒரு ஜீப் நின்றதாம். ஒருவன் இறங்கித் தன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, அதையும் சாய்ந்த மரத்தையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறகு யாரிடமும் வழி கேட்காமல் நேரே அறைக்கு இறங்கி வந்தானாம். வாசலில் ஒரு தாளை வைத்து அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள். அறையை இடிக்கும் கட்டளை, இருபத்தொரு நாள் தவணை.

"படத்தால எண்டு சொல்லமாட்டனாம்," என்று மொழிபெயர்த்தாள் நிஸ்றா. "மேல பறந்தும் பாக்கிறவங்கதானாம். ஆனா படத்த இன்டநெட்ல இருந்து எடுக்கச் சொல்லட்டாம்."

ஜனின் அன்றே எழுதினாள். வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஒரு பதில் வந்தது. இணையத்தளப் பொறுப்பாளர் விடுமுறையில் இருக்கிறார். புதன்கிழமை இன்னொன்று: படம் மிகவும் வலிமையானது, முகங்களை மட்டும் மங்கலாக்கினால் போதுமா? முகம் அல்ல, மரம், மரம் என்று எழுதினாள். மரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் அவளுக்கு அடையாளம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் இவர்களைப் போன்றவர்கள்தான். இப்போது அடையாளம் என்றால் என்னவென்று அவர்களுக்கே அவள் பாடம் எடுக்கவேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் படம் போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று மத்தியானம் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய் நிஸ்றாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுறத ஒரு சொல்லும் விடாமச் சொல்லு. நான்தான் பிழை. மற்றப் பொம்பிளையளிட்ட என்ட பேரைச் சொல்லச் சொல்லு. அவவ ஒருவரும் ஏசக் கூடாது."

"அக்கா, நானும்தானே சொன்ன."

"நீ வாய். நான்தான் ஆள்."

பதில் வந்தது. நிஸ்றா அதை இரண்டு தடவை கேட்டாள்.

"பதினொரு பேரும் தங்கட காலால நடந்து வந்து நிண்டவங்களாம். ஆரும் கொண்டுவந்து நட்ட மரம் இல்லையாம். உங்களுக்கு அந்தப் பாரத்தத் தர ஏலாதாம்."

ஜனினுக்கு அது ஆறுதலாக இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அதன் பிறகு தினமும் ஒரு குரல்பதிவு வந்தது. வழக்கறிஞர் வந்தார். தவணை நீட்டக் கேட்டிருக்கிறோம். பாத்திரங்களை வெளியே எடுக்கவா என்று யோசிக்கிறோம். எடுக்கவில்லை, எடுத்தால் நாங்களே நம்பாததுபோல் ஆகிவிடும். தாள் வைத்த இருபதாம் நாளோடு குரல் நின்றது. இருபத்திரண்டாம் நாள் காலை அந்த ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி வந்தது. நான் தங்கையின் கடிதத்தோடு படியேறிய நாள் அதுதான்.

8

பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் அந்தப் பொத்தானை அழுத்துவதற்குள் நான் மனதுக்குள் மூன்று முடிவுகளை எழுதிவிட்டேன்; விவரங்களைப் பிறகு நிரப்பினேன். தொழில் புத்தி. மன்னிக்கவும்.

முடிவு ஒன்று. நீதிமன்றம் தவணையை நீட்டுகிறது. அறை நிற்கிறது. உருண்டைகள் வரிசை வரிசையாகக் காய்கின்றன. ஜனின் ஜன்னலைத் திறக்கிறாள். (எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் இதை எழுதும்போது கை இலேசாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.)

முடிவு இரண்டு. விடியலில் இயந்திரம் வருகிறது. பதினைந்து நிமிடம். சுவர், தாங்கிகள், நீலப் பலகை. பெண்கள்— (இதற்கு மேல் எழுதவில்லை. இதை எழுதுவது மிகச் சுலபம். அந்தச் சுலபம் எனக்குப் பயமாக இருந்தது.)

முடிவு மூன்று. ஜனின் தன் ஜன்னலில் இருக்கிறாள். காலை. வாவி பால்போல் அசையாமல் கிடக்கிறது. கல்லடிப் பாலத்துக்கு அப்பாலிருந்து ஏதோ மிதந்து வருகிறது. தோணி என்று நினைக்கிறாள். தோணி அல்ல, அறை. வெள்ளைச் சுவர், திறந்த கதவு, கூரையில் வெயிலுக்கு வைத்த உருண்டைகள். சத்தமே இல்லாமல் கண்டல் மரங்களை உரசிக்கொண்டு அவள் வீட்டுப் படிக்கட்டுக்கு வந்து நிற்கிறது. உள்ளே பதினொரு பெண்கள் உட்கார்ந்து பால் கிண்டுகிறார்கள். ஒருத்தி இருமுகிறாள். "இஞ்ச கட்டுங்க," என்று ஜனின் கயிற்றை வீசுகிறாள். பெயர்ப்பலகை இல்லை. பின்னால் மலையும் இல்லை, மரமும் இல்லை. தண்ணீர் மட்டும். தண்ணீரில் எந்த இடம் எது என்று யாரால் சொல்ல முடியும்? கால்கள் நனைகின்றன. இந்தத் தடவை பிழை இல்லை.

இதுதான் நான் வைக்க விரும்பிய முடிவு. ஜனினிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வடிவாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "ஆனா அவங்கட அறை அவங்கட இடத்திலதான் நிக்க வேணும். என்ட வாசலில நிண்டு என்ன செய்ய?" என்றாள்.

அவள் சொன்னது சரி. கனவில்கூட நான் அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டேன்.

9

நிஸ்றாதான் அழுத்தினாள். தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டாள். ஜனின் நிஸ்றாவின் முகத்தைப் பார்த்தாள். நான் ஜனினின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் அறிந்தேன். வெளியே ஒரு முச்சக்கரவண்டி வந்து, திரும்ப இடம் போதாமல் முன்னும் பின்னுமாக ஆடி, ஒருவழியாகத் திரும்பிப் போயிற்று.

பிறகு நிஸ்றா தொலைபேசியை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள். தாழ்ந்த குரலில். ஜனின் எழுந்து கடை வாசலுக்குப் போய் வெயிலில் நின்றாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இங்கே எழுதினால் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆகவே அவள் வெயிலில் நின்றாள் என்பதோடு விடுகிறேன்.

எனக்குத் தெரியும். நிஸ்றா எவ்வளவு தாழ்த்திச் சொன்னாலும் என் காதுக்கு அது போதும்.

உங்களுக்குச் சொல்லமாட்டேன். கோபம் வரும்தான். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து நடுவழியில் இறக்கிவிடுகிறானே என்று நினைப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்ன மாதம், நீலப் பலகையோடு, பதினொரு பெண்களின் அறை ஒன்று தப்பியது என்று எழுதினால், தப்பியது எது என்று தேடுவதற்கு அதுவே போதும். விழுந்தது என்று எழுதினாலும் அப்படித்தான். விழுந்த இடத்தில் யாராவது திரும்பக் கட்டுகிறார்களா என்று பார்க்க வருவார்கள். பெயரை மாற்றிவிட்டேன், ஊரை எடுத்துவிட்டேன், பலகையின் நிறம்கூட உண்மையில் நீலம் அல்ல. அப்படியிருந்தும் இந்த ஒரு கதைக்காக யார் வரப்போகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒபிஸ் ஆக்கள் மட்டும்தான்" என்று ஜனினும் அப்படித்தான் சொன்னாள்.

10

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, எழுதலாமா என்று உரியவளைக் கேட்கவில்லையே என்று உறைத்தது. எழுதிவிட்டு அனுமதி கேட்பது கதை எழுதும் எங்கள் இனத்தின் குணம். நிஸ்றாவின் கடைக்குப் போனேன். ஜனினும் வந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் இப்திசாமோடு பேசுவதற்கு அறிக்கை காரணமில்லை. அறிக்கை போய் மாதக்கணக்காகிறது. சும்மா பேசுகிறார்கள்.

நிஸ்றா என் சார்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். இங்கே கதை எழுதும் ஒருவர் இருக்கிறார். உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. முடிவு என்னவென்று எழுதாமல் விட்டிருக்கிறார். ஆனால் மனம் கேட்காமல் தவிக்கிறார். உங்கள் கதைக்கு என்ன முடிவு வைக்கலாம் என்று நீங்களே சொல்லச் சொல்கிறார்.

கொஞ்ச நேரம் போயிற்று. தேநீர் வந்தது. தொலைபேசி ஒலித்தது. ஒன்பது விநாடி. நிஸ்றா கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

"என்னவாம்?" என்றேன்.

"எழுதட்டாம்," என்றாள் நிஸ்றா. "ஆனா முடிவு எண்டு கேட்டதுக்குத்தான் சிரிக்கிறா. 'எங்களுக்கே இன்னும் முடியல்ல, அவருக்கு என்ன அவசரமாம்?' எண்டு கேக்கிறா."